சத்துவாச்சாரி மொட்டை மாடியில் 40 மீட்டர்: டைபோலா, எண்டு ஃபெட்டா? கேபிள் எது?

மாடிவீடு

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வந்துவிட்டது, செட்டும் வந்துவிட்டது. 100 வாட் செட்தான், ஆனால் 50-க்கு மேல் வைக்கப்போவதில்லை. வீடு வேலூர் சத்துவாச்சாரி. 30-க்கு 40 அடி கட்டடம், தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. தரையிலிருந்து மொட்டை மாடித் தளம் ஏழு மீட்டர் இருக்கும். பின்பக்கம் பக்கத்து வீட்டுத் தென்னை ஒன்று நிற்கிறது, கேட்டால் கயிறு கட்ட விடுவார்கள். முன்பக்கம் தெருவோடு மின்கம்பி போகிறது.

காலையில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) சென்னை, சேலம், மதுரை ஆட்களோடு பேச வேண்டும், முதல் ஆசை அதுதான். இரவில் வெளிநாடு கிடைத்தால் லாபம். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் எண்டு ஃபெட் ஆண்டெனா என்கிறார்கள். ஒரு முனையில் கேபிளைச் சொருகினால் போதும், நடுவில் கம்பம் நட வேண்டாம் என்பதால் எனக்கும் மனசு அங்கேதான் போகிறது. இதையா, நடுவில் கேபிள் சொருகுகிற டைபோலையா, எதைப் போடலாம்? கேபிள் எது வாங்கலாம்? வேலூரிலேயே கிடைக்கிற சாமானாக இருந்தால் நல்லது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வர இப்போதைக்கு நேரமில்லை.

எண்டுஃபெட் ராணிப்பேட்டை

யோசிக்கவே வேண்டாம், எண்டு ஃபெட் ஹாஃப் வேவ். 20 மீட்டர் கம்பி, முனையில் 49:1 டிரான்ஸ்ஃபார்மர். 240-43 டோராய்டில் (ஃபெரைட் வளையம்) முதல் பக்கம் 2 சுற்று, மொத்தம் 14 சுற்று, உள்ளே வருகிற இடத்தில் 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. தண்ணீர்த் தொட்டி மேலிருந்து தென்னைக்கு இழுத்துவிடுங்கள். 40, 20, 15, 10 நான்கு பேண்டும் டியூனர் (ஆண்டெனாவைச் செட்டோடு பொருத்தும் பெட்டி) இல்லாமல் ஓடும். டைபோல் போட்டால் ஒரு பேண்டோடு உட்கார வேண்டியதுதான்.

பாலாற்று ஓஎம்

மாடிவீடு தம்பி, யாரோடு பேச வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிட்டீர்கள், பாதிப் பேர் அதைச் சொல்லாமலே ஆண்டெனா கேட்பார்கள். சென்னை உங்களுக்கு 140 கிலோமீட்டர். இரண்டு மீட்டர் பேண்டு ஹேண்டி (கையடக்க செட்) இதற்கு உதவாது. வேலூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்று நிற்கிறது. 40-இல் குன்று ஒரு பொருட்டே இல்லை. அலை ஏறக்குறைய நேர் மேலே போய், 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனமண்டலத்தின் எஃப் அடுக்கில் பட்டு, விரித்த குடை மாதிரி சுற்றிலும் இறங்கிவிடும். நானூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லா ஊரும் அந்தக் குடைக்குள் வந்துவிடும்.

அதற்குக் கம்பி கிடைமட்டமாக இருக்க வேண்டும், ரொம்ப உயரமும் கூடாது. 40 மீட்டருக்குக் கால் அலைநீளம் 10 மீட்டர். அந்த உயரத்தில் கம்பி பெரும்பகுதியை மேல்நோக்கித்தான் வீசும். 20 மீட்டருக்கு ஏற்றினால் நேர் மேலே போவது அடங்கி, கதிர் கீழ்க்கோணத்துக்கு இறங்கும். ஜப்பானுக்கு அது நல்லது, மதுரைக்குக் கெடுதல். உங்கள் மாடி ஏழு மீட்டர். அதன்மேல் நான்கு மீட்டர் ஜிஐ பைப் நட்டால் பதினொன்று. இதைவிடத் தோதான உயரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆகவே இன்வெர்ட்டட் வீ, அதாவது நடுவில் உயர்த்தி இரண்டு கையும் சாய்வாக இறங்குகிற டைபோல். மாடியின் மூலைவிட்டம் 50 அடி, அதாவது 15 மீட்டர் சொச்சம். நடுவிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் 7.6 மீட்டர். உச்சி நான்கு மீட்டர், கைப்பிடிச்சுவர் ஒரு மீட்டர் என்றால் கம்பி சாய்வாக 8.2 மீட்டர் போய் மூலையைத் தொடும். ஒரு கைக்கு வேண்டியது சுமார் 10 மீட்டர். மிச்சம் ஒன்றரை, இரண்டு மீட்டரைத் தென்னைப் பக்கம் கயிற்றால் நேரே இழுத்துவிடுங்கள். எதிர் மூலையில் சுவரை ஒட்டாமல் உள்பக்கமாக ஒரு குச்சி நீட்டி, பக்கவாட்டில் மடக்கிவிடுங்கள். முனையில் மின்னோட்டம் மிகக் குறைவு, அங்கே மடக்குவதால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. ஆனால் வோல்டேஜ் முழுக்க அங்கேதான். 50 வாட்டுக்கே சில நூறு வோல்ட் நிற்கும். துணி காயப்போடுகிற கொடியும் வடாம் காயவைக்கிற மூலையும் எது என்று வீட்டில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அந்த எதிர் மூலை தெருப்பக்கம், அங்கே கம்பி சுவரைத் தாண்டவே வேண்டாம். கம்பி அறுந்து விழுந்தாலும், பைப் சாய்ந்தாலும் மின்கம்பிமேல் படாத திசை எதுவோ அதுதான் உங்கள் திசை. ஆண்டெனா எந்தத் திக்கைப் பார்க்கிறது என்பது இந்த உயரத்தில் பெரிய விஷயமில்லை.

எண்டுஃபெட் ராணிப்பேட்டை

ஓஎம், நான் சொன்னதும் கிடைமட்டக் கம்பிதானே? அதே 20 மீட்டர், அதே அரை அலை. எங்கே சொருகுகிறோம் என்பதுதான் வித்தியாசம். அதுவும் மேலேதான் வீசும்.

ஜவ்வாது மேகம்

வீசும், அதில் சண்டை இல்லை. எந்த இடத்தில் சொருகுகிறோம் என்பதில்தான் வில்லங்கமே இருக்கிறது.

நடுவில் சொருகினால் ஆண்டெனா 50லிருந்து 70 ஓம், இரண்டு கையும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். கேபிளில் போகிற மின்னோட்டத்துக்குத் திரும்பி வர வழி இருக்கிறது. முனையில் சொருகினால் இரண்டாயிரம், மூவாயிரம் ஓம். மின்னோட்டம் சிறியதுதான், ஆனால் அதற்கும் திரும்பும் வழி ஒன்று வேண்டும். “ஒரே கம்பி போதும்” என்று படம் போடுகிறவர்கள் இன்னொரு கம்பியை வரையவில்லை, அவ்வளவுதான். நீங்கள் தராவிட்டால் அது கேபிளின் வெளி உறையைப் பிடித்துக்கொண்டு செட் வரைக்கும் வரும். மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று இருப்பது, லேப்டாப் உறைந்துபோவது, பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்பது எல்லாம் அந்த வழியாக வருகிறவை.

அனுப்பும்போது இது பாதிதான். வாங்கும்போது அதே உறை வீட்டுக்குள் இருக்கிற அழுக்கையெல்லாம் உறிஞ்சி ஆண்டெனாவுக்கு ஏற்றும். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், மாடியில் சோலார் வைத்திருந்தால் அதுவும். சத்துவாச்சாரி மாதிரி வீடு ஒட்டின இடத்தில் சத்தம் செட்டின் சிக்னல் மீட்டரில் எஸ்7-ல் நின்றால், சென்னைக்காரர் 100 வாட்டில் கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது.

எண்டு ஃபெட் போட்டே தீருவேன் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் முனையில் இரண்டு மீட்டர் கம்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, கேபிள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு சோக் (உறையில் வருகிற மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போடுங்கள். அப்படிப் போட்டால் நல்ல ஆண்டெனாதான். சின்ன டோராய்டில் சுற்றிவிட்டு டிஜிட்டல் மோடில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். கோர் கையில் சுடுகிறதென்றால் அந்தச் சூடு உங்கள் பவரிலிருந்து போனது.

எண்டுஃபெட் ராணிப்பேட்டை

சோக்கெல்லாம் போட்டுத்தான் ஓட்டுகிறேன் மேடம். இருந்தாலும் நான்கு பேண்டு நான்கு பேண்டுதான்.

மாடிவீடு

நன்றி ஓஎம், நன்றி மேடம். டைபோல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 மீட்டர் பேண்டுக்கு என்ன செய்வது? அப்புறம் கம்பி, கேபிள் விவரம். பரணில் ஒரு சுருள் பழைய ஆர்ஜி-58 கேபிள் கிடக்கிறது. கடையில் கேட்டால் டிஷ்ஷுக்குப் போடுகிற ஆர்ஜி-6-ஐ எடுத்துக் காட்டுகிறார்கள். அது 75 ஓம் ஆயிற்றே, செட்டுக்கு 50 ஓம்தானே?

லாங்பஜார்

ஒயரு நான் சொல்றேன் அண்ணே. மோட்டார் காயில் கட்ற கடையில 16 நம்பர் எனாமல் கம்பி எட போட்டுக் குடுப்பாங்க. 20 மீட்டருக்கு நானூறு கிராம்கூட ஆவாது. ஆனா அது பஞ்சு மாதிரி கம்பி. கட்டி இழுத்தா இழுத்துக்கினே போவும், இன்னிக்கு 7.1-ல நிக்கறது ரெண்டு மாசம் கழிச்சு 7-க்குக் கீழ போயிடும். கட்றதுக்கு முன்ன ஒரு முனைய கம்பத்துல மாட்டி நல்லா ஒருதடவ இழுத்து உட்டுரு.

அது வேணான்னா வீட்டு ஒயரிங் போடற 1.5 ஸ்கொயர் எம்எம் வாங்கு. 90 மீட்டர் சுருளு, கெஞ்சினா மீட்டர் கணக்குலயும் அறுத்துக் குடுப்பாங்க. மேல பிவிசி இருக்குது, காக்கா குந்தினாலும் ஒண்ணும் ஆவாது. வேலி கட்ற ஜிஐ கம்பி மட்டும் வாணாம்.

இன்சுலேட்டருக்குத் தனியா காசு போடாத. பிவிசி பைப்பு ரெண்டு துண்டு, ஓட்ட போட்டா முடிஞ்சுது. கயிறுதான் பாத்து வாங்கணும். அந்த நீல பிளாஸ்டிக் கொடிக்கயிறு நம்ம ஊரு கத்திரி வெயிலுக்கு மாவா உதிந்துடும்.

ஜவ்வாது மேகம்

கேபிளுக்கு வருகிறேன்.

75 ஓம் என்பதற்காக ஆர்ஜி-6-ஐ ஒதுக்க வேண்டாம். தாழ்வான இன்வெர்ட்டட் வீ 50 ஓம் பக்கம் இருக்கும், நேர் டைபோல் ஆகாயத்தில் தனியாக நின்றால் 73. இரண்டுக்கும் 75 ஓம் கேபிள் தூரமில்லை. செட் பக்கம் எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்) 1.5 காட்டலாம். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம். 2 என்றால் 11. அந்த 4 சதவீதத்தை எதிர்முனையில் யாரும் காதால் கண்டுபிடிக்க முடியாது.

ஆர்ஜி-6-இன் உள்கம்பி பெரும்பாலும் செம்பு பூசின எஃகு. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்தோலில் 0.025 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் ஓடும், அதனால் 40-க்குப் பரவாயில்லை. 80-க்கும் 160-க்கும் இறங்கினால் எஃகின் குணம் தலைகாட்டும். இன்னொரு தொல்லை, வெளி வலை அலுமினியம், ஈயம் பற்றாது. எஃப் கனெக்டரை அழுத்திப் போட்டு, அங்கிருந்து அடாப்டர் வைத்து, செட்டில் சொருகுகிற பிஎல்-259 பிளக்குக்குப் போங்கள்.

பரணில் கிடக்கிற ஆர்ஜி-58-ஐத்தான் நான் சந்தேகப்படுவேன். புதிதாக இருந்தால் 15 மீட்டருக்கு 7 மெகாஹெர்ட்ஸில் அரை டெசிபெல் இழப்பு, அது ஒன்றுமில்லை. பழசு, தண்ணீர் புகுந்தது என்றால் கதை வேறு. அதைவிட மோசம், அது உங்களுக்குத் தெரியவே வராது. கெட்ட கேபிள் போகும்போதும் விழுங்கும், திரும்பும்போதும் விழுங்கும், மீட்டரில் எஸ்டபிள்யூஆர் அழகாகத் தெரியும். 6 டெசிபெல் இழக்கிற கேபிளின் மறுமுனையில் எதையுமே இணைக்காமல் அளந்து பாருங்கள், 1.7 காட்டும். முக்கால்வாசி பவர் கேபிளோடு போயிருக்கும், நாம் “மேட்ச் ஆகிவிட்டது” என்று சந்தோஷப்படுவோம். எதையும் வீசாமல் பவரைச் சூடாக்கி விழுங்குகிற டம்மி லோடுக்குக்கூட எஸ்டபிள்யூஆர் 1தான். அதை வைத்து யாரும் மதுரையோடு பேசியதில்லை.

கடனாக நானோவிஎன்ஏ (ஆண்டெனா, கேபிளை அளக்கும் சிறு கருவி) கிடைத்தால், மறுமுனையில் உள்கம்பியையும் வெளி வலையையும் ஒன்றுசேர்த்துக் கட்டிவிட்டு ரிட்டர்ன் லாஸ், அதாவது போய்த் திரும்புவதில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. ஒரு டெசிபெல்லுக்கு மேல் போனால் அந்தச் சுருளைக் கயிறாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்று ஓஎம்

20 மீட்டர் பேண்டுக்குத் தனி ஆண்டெனா வேண்டாம் தம்பி. அதே நடுப்புள்ளியிலிருந்து ஆளுக்கு ஐந்து மீட்டராக இன்னொரு ஜோடிக் கம்பியை இறக்குங்கள். கேபிள் ஒன்றே. 40-இல் ஓட்டும்போது குட்டை ஜோடி குறுக்கே வராது, 20-இல் நீள ஜோடி பல ஆயிரம் ஓம் காட்டி ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு ஜோடியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் முனையில் ஒரு மீட்டராவது விலகியிருக்கட்டும். முதலில் நீள ஜோடியைச் சரிசெய்யுங்கள், பிறகு குட்டை ஜோடியை. மாற்றிச் செய்தால் இரண்டு வேலை.

15 மீட்டரைப் பற்றி ஒரு சொல். 40 டைபோல் 15-இல் மூன்று அரை அலையாக வேலை செய்யும் என்று எல்லாரும் எழுதுவார்கள். செய்யும், ஆனால் ஒத்திசைவு 21-இல் இல்லாமல் 22 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் விழும். கம்பியைக் கொஞ்சம் நீளமானது போலக் காட்டுகிற முனை விளைவு இரண்டு ஓரத்தில் மட்டும்தானே, நடு அரை அலைக்கு அது கிடையாது. செட்டின் உள் டியூனர் அதைச் சமாளித்துவிடும்.

சோக்கை மறக்காதீர்கள். 110 மில்லிமீட்டர் பிவிசி பைப், அதாவது வடிகாலுக்குப் போடுவது, ஒரு சாண் நீளம். அதன்மேல் நல்ல ஆர்ஜி-58-ஐ ஒரே அடுக்கில் நெருக்கமாக 15 சுற்று. ஐந்தரை மீட்டர் கேபிள் பிடிக்கும். 20 மைக்ரோஹென்றிக்கு மேல் வரும், 7 மெகாஹெர்ட்ஸில் ஆயிரம் ஓம். உச்சியிலேயே கட்டிவிடுங்கள். சிலர் கேபிளை உருட்டி வளையமாக டேப் போடுவார்கள். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அந்தச் சோக் பாதி செத்தது.

தோப்புக்காரன்

குடியாத்தத்திலிருந்து. ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு இது பொருந்தாது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் யாராவது படிப்பார்கள்.

நான் கேபிளே போடவில்லை. 31 மீட்டர் கம்பி இரண்டு மரத்துக்கு நடுவே, மையத்திலிருந்து இரட்டைக் கம்பி இறக்கி நேராக டியூனருக்கு. வார்னி என்ற ஆங்கிலேயர் 1946-இல் ஜி5ஆர்வி என்று போட்டது இதே 102 அடிதான். அவர் 20 மீட்டரில் மூன்று அரை அலையாக ஓடட்டும் என்று கணக்குப் போட்டார். கடையில் ஜி5ஆர்வி என்று விற்பதில் இரட்டைக் கம்பி கொஞ்ச தூரம் வந்து, மிச்சம் கோஆக்ஸ், அதாவது ஆர்ஜி-58 மாதிரிக் கேபிள். எல்லாப் பேண்டிலும் ஓடும் என்று சொல்லியும் விற்பார்கள். அந்தக் கோஆக்ஸ் துண்டில் எஸ்டபிள்யூஆர் ஏறுகிற பேண்டில் இழப்பு அங்கேதான். இரட்டைக் கம்பியை டியூனர் வரை கொண்டுவந்துவிட்டால் 10:1 எஸ்டபிள்யூஆர் இருந்தாலும் கவலையில்லை, வயரில் போவது அற்பம்.

16 நம்பர் கம்பி இரண்டு, 10 செ.மீ. இடைவெளி, கணக்குப்படி 575 ஓம் வரும். இடையில் வைக்க எலக்ட்ரிக்கல் பிவிசி பைப்பை நீளவாக்கில் கீறித் துண்டு போட்டேன். தூர்தர்ஷன் காலத்தில் மாடி ஆண்டெனாவிலிருந்து வீட்டுக்குள் வந்ததே தட்டை 300 ஓம் ரிப்பன், அதுவும் ஆகும். ஆனால் நாள்பட்ட ரிப்பனில் தூசி ஏறி மழையில் நனைந்தால் டியூனரைத் திரும்பத் திருக வேண்டும். முக்கியமான விதி, இரட்டைக் கம்பி இரும்புக் கிரில், சுவர், தகரம் எதையும் உரசக் கூடாது. நகர வீட்டில் இதுதான் நடக்காத காரியம்.

மரம் ஆடும். முனைக் கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டினால் காற்றில் கம்பி அறுந்துபோகும். மரமேறுகிறவரிடம் சொல்லி ஒரு கப்பி மாட்டுங்கள், கயிறு அதன்மேல் ஓடி, கீழே இரண்டு செங்கல் தொங்கட்டும். மரம் ஆடினால் செங்கல் ஏறி இறங்கும், கம்பி அசையாது. மாடிவீடு, உங்கள் தென்னைக்கும் இது வேண்டும்.

மாடிவீடு

வெர்ட்டிகல், அதாவது செங்குத்தாக நிற்கிற ஆண்டெனா வைத்தால் இடமே வேண்டாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

ஜவ்வாது மேகம்

நேர் மேலே எதுவும் வீசாது. சென்னை போய்விடும். பாறை மண்ணில் அடியிலிருந்து சுற்றிலும் ரேடியல் கம்பிகள் வேறு விரிக்க வேண்டும். அவர் ஜப்பானோடு பேசுகிறவராக இருப்பார்.

லாங்பஜார்

மலையடிப் பக்கம் வீடா? கொரங்கு வருமே. கம்பத்துல சோக்கு டப்பா மாட்டினா பிடுங்கிப் பாக்கும். டப்பாவ மூடி, டை போட்டு இறுக்கிக் கட்டு. கேபிள பைப்புக்கு உள்ள உட்டு இறக்கு.

பாலாற்று ஓஎம்

மழைக்கு முன்னால் இடியையும் பேசிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மட்டும் என்று நினைக்காதீர்கள், சித்திரை வைகாசியில் சாயங்காலம் திடீரென்று கட்டி இடிக்கிற மழைதான் நம் ஊரில் ஆபத்து. செட்டை உபயோகிக்காத நேரமெல்லாம் கேபிள் கழற்றியே இருக்கட்டும், கழற்றின முனை வீட்டுக்கு வெளியே எர்த்தில் சேரட்டும். ஜன்னலோரம் தொங்கவிட்டுத் தூங்கப்போகாதீர்கள். ஜிஐ பைப்புக்கும் தடித்த கம்பியில் தனியாக எர்த் இறக்கி, வீட்டு எர்த்தோடு இணைத்துவிடுங்கள்.

இரவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொழுது சாய்ந்தபின் எஃப் அடுக்கு தளரத் தளர, நேர் மேலே போகிற 7 மெகாஹெர்ட்ஸ் திரும்பாமல் வெளியேறிவிடும். பக்கத்து ஊர்க்காரர் ஒவ்வொருவராக மங்குவார்கள், தொலைவில் இருக்கிறவர்கள் மேலே வருவார்கள். ஆண்டெனா கெட்டுவிட்டதென்று அந்த நேரத்தில் மாடி ஏறாதீர்கள்.

மாடிவீடு

கட்டியாகிவிட்டது. 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், உச்சி 11 மீட்டர், ஒரு கைக்கு 10.3 மீட்டர் விட்டு வெட்டினேன், குறைப்பது சுலபம் என்று. புது ஆர்ஜி-6 14 மீட்டர், உச்சியில் சோக். குட்டை ஜோடி இன்னும் போடவில்லை. நானோவிஎன்ஏவில் எஸ்டபிள்யூஆர் மிகவும் இறங்குகிற பள்ளம் 6.75 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது, அங்கே 1.4. 7.1-இல் 3-க்கு மேல். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கச் சொல்லும் சூத்திரப்படி 20.6 மீட்டருக்கு 6.94 வரவேண்டுமே?

ஜவ்வாது மேகம்

143 என்பது மொட்டைக் கம்பிக்கு. உங்கள் கம்பிமேல் பிவிசி உறை இருக்கிறது, அது இரண்டு மூன்று சதவீதம் இழுத்துவிடும். உங்கள் எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள். 20.6 பெருக்கல் 6.75, வகுத்தல் 7.1. விடை 19.6 மீட்டர். மொத்தத்தில் ஒரு மீட்டர் குறைய வேண்டும், கைக்கு அரை மீட்டர். இரண்டு பக்கமும் சமமாகக் குறையுங்கள்.

லாங்பஜார்

வெட்டாத அண்ணே. அரை மீட்டர அப்படியே பின்னால மடக்கி, அதே கம்பிமேல நெருக்கமா முறுக்கி டேப் போடு. நாளைக்கு மழ பேஞ்சு மாடி நனைஞ்சா பள்ளம் கொஞ்சம் கீழ எறங்கும், அப்ப ஒரு அளவு எடுத்துப் பாத்துட்டு அப்புறமா கட்டிங் பிளையர் எடு. அப்படியே மரமேறி வர்றப்ப அந்தக் கப்பியையும் மாட்டச் சொல்லிடு.